தலைக்குள் ஒரு கருவி: ஸ்பேர் பார்ட்ஸுக்கு யார் பொறுப்பு?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் ஆன் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? பவர் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்ப்பீர்கள். தெருவில் விஷயம் தெரிந்த பையன் யாராவது இருந்தால் கூப்பிடுவீர்கள். அவனும் கையை விரித்தால் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஏதாவது சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போவீர்கள். நாலு நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் ஓட்டிவிடலாம். ஒன்றும் குடி முழுகிப் போகாது.

சேலையூரில் எங்கள் தெருவுக்கு அந்த 'விஷயம் தெரிந்த பையன்' நான்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை என்பதால் பிரிண்டர், வைஃபை, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். (சாஃப்ட்வேர் எழுதுபவனுக்கு ஹார்டுவேர் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் நம்புவதாக இல்லை.) சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வீடு தள்ளியிருக்கும் தையல் கடை அண்ணன் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார்.

"தம்பி, இந்த ஒயர் கட் ஆயிருக்கா பாருங்க. பையனுக்கு நேத்து சாயந்திரத்துல இருந்து காது கேக்கல."

அந்தப் பையனுக்கு 9 வயது. பிறவியிலேயே காது கேளாதவன். 3 வயது முடிவதற்குள் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு காதில் 'காக்ளியர் இம்ப்ளான்ட்' வைத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி ஒரு கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர். ஒயரின் முனையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டக் காயில். அதைத் தலையில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு உள்ளேயும் வெளியேயும் காந்தம் இருக்கிறது.

என்னிடம் மல்டிமீட்டர் உண்டு, சால்டரிங் அயர்னும் உண்டு. ஆனாலும் அந்த ஒயரில் நான் கை வைக்கவில்லை. ஏன் என்று சொல்ல, முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நம் காதின் உட்பகுதியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் காக்ளியா. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர் செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை மின் துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும் பணியில் இருப்பவை இவை. கம்ப்யூட்டரில் மைக் வழியாக வரும் குரலை சவுண்ட் கார்டு மாற்றிக் கொடுக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இந்த செல்கள் கெட்டுப் போயிருந்தால் சாதாரண ஹியரிங் எய்டால் பெரிய பயன் இல்லை. அது ஒலியைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். சவுண்ட் கார்டே இல்லாத கம்ப்யூட்டரில் வால்யூமைக் கூட்டி என்ன செய்வது?

காக்ளியர் இம்ப்ளான்ட் அந்த செல்களைத் தாண்டி நேராக நரம்புக்குப் போகிறது. வெளிக்கருவியில் மைக், பிராசஸர், பேட்டரி மூன்றும் இருக்கும். பிராசஸர் ஒலியை அலைவரிசை வாரியாகப் பிரிக்கிறது. காயில் அதை ரேடியோ அலையாகத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. உள்ளே பதித்திருக்கும் ரிசீவர் அதை வாங்கி, காக்ளியாவுக்குள் செருகியிருக்கும் எலெக்ட்ரோடுகளுக்குக் கொடுக்கிறது. உள்ளே பேட்டரி கிடையாது. மின்சாரமும் காயில் வழியாகத்தான் போகிறது. எனவே காயில் ஒயர் போனால் எல்லாம் போச்சு.

எலெக்ட்ரோடுகள் எத்தனை தெரியுமா? கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22. சுமார் 15,000 செல்கள் செய்த வேலையை 22 எலெக்ட்ரோடுகள் செய்கின்றன! இதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை 'படம்' எது, 'பாடம்' எது என்று பிரித்துக் கேட்கப் பழகுகிறது. ஆபரேஷன் முடிந்ததும் இது வந்துவிடாது. ஒரு வருடம், இரண்டு வருடம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். தையல் கடை அக்கா தினமும் பையனைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் போய் வந்ததைத் தெருவே பார்த்தது.

இந்தக் கருவிக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் என்ற டாக்டரின் அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. வளைந்து வளைந்து போகும் காக்ளியாவுக்குள் எலெக்ட்ரோடை எப்படி நுழைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கிளார்க், கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி விறைத்தும் இருக்கும் புல் சுலபமாகச் சுருண்டு உள்ளே போனது. அதே மாதிரி எலெக்ட்ரோடு செய்து 1978-ல் மெல்போர்னில் ஆபரேஷன் செய்தார். இன்று தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது இலவசம். மத்திய அரசின் திட்டத்தில் 2014-ல் ஒரு கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை என்று உச்சவரம்பு வைத்தார்கள். தையல் கடை வருமானத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தொகை. அதைக் கொடுத்த அரசைப் பாராட்டத்தான் வேண்டும். நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

புதிதாக பிரிண்டர் வாங்கினால் டிரைவர் இன்ஸ்டால் செய்கிறோம். இந்தக் கருவிக்கும் அப்படி ஒன்று உண்டு. 'மேப்' என்பார்கள். செவித்திறன் நிபுணர் வெளிக்கருவியைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்து, ஒவ்வொரு எலெக்ட்ரோடிலும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் குழந்தைக்கு லேசாகக் கேட்கிறது, எவ்வளவுக்கு மேல் போனால் முகம் சுளிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்வார். ஒருவர் மேப் இன்னொருவருக்குப் பொருந்தாது. ரேமைத் தொடும் முன் கேபினட்டின் இரும்பைத் தொடுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போகட்டும் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் பிரிப்பவர்களுக்குச் சொல்வோம். இந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கும் அதே அறிவுரைதான்: பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறும் முன் வெளிக்கருவியைக் கழற்றிவிடுங்கள். பழைய மாடல்களில் நிலைமின்சாரம் பாய்ந்து மேப் அழிந்துபோக வாய்ப்பு உண்டு.

இப்போது ஒயருக்கு வருவோம். உள்ளே எந்தக் கம்பெனி கருவி இருக்கிறதோ, வெளியிலும் அதே கம்பெனியின் கருவிதான் வேலை செய்யும். பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் போலத்தான். கார்ட்ரிட்ஜ் பிடிக்கவில்லை என்றால் பிரிண்டரையே மாற்றிவிடலாம். இங்கே பிரிண்டர் பையனின் மண்டை ஓட்டில் இருக்கிறது! ஒயரை நான் ஏதாவது செய்யப்போய் அளவு மாறிய மின்சாரம் போனால்? அதனால்தான் தொடவில்லை.

அண்ணனோடு கம்பெனியின் ஏஜென்டைப் பார்க்கப் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "இந்த மாடலை நிறுத்திட்டாங்க சார். ஒயர் வெளிநாட்டுல இருந்து வரணும். புது மாடலுக்கு மாறிக்கிட்டா நல்லது." புது மாடல் விலை லட்சங்களில். ஒயருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தோம். வந்து சேர 23 நாள் ஆனது.

அந்த 23 நாளும் பையன் பள்ளிக்கூடம் போனான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தானாம். வீட்டில் அம்மாவும் அவனும் தாங்களாகவே உண்டாக்கிய பத்து இருபது சைகைகளில் பேசிக்கொண்டார்கள். சைகை மொழி அவனுக்குத் தெரியாது. காதால் கேட்டே பழக வேண்டும், சைகை வேண்டாம் என்று அவன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. முக்கியமான ஃபைலை ஒரே ஹார்டு டிஸ்கில் வைக்காதீர்கள், பேக்கப் எடுங்கள் என்று உங்களிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறோம். ஒரு குழந்தை உலகத்தோடு பேசும் வழி முழுவதையும் ஒரே ஒயரில் தொங்கவிடலாமா? இந்திய சைகை மொழியையும் கூடவே கற்றுக் கொடுத்தால் என்ன நஷ்டம்? (சைகை மொழியை 'பேக்கப்' என்று நான் சொன்னதில் காது கேளாதோர் பலருக்குக் கோபம் வரும். அது முழுமையான ஒரு மொழி, எங்களிடம் பழுதும் இல்லை, ரிப்பேரும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. 2015-ல் டெல்லியில் அதற்கென்று மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையமே தொடங்கியது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.)

எங்கள் தெருப் பிள்ளைகள் அவனை 'சிட்டி' என்று கூப்பிடுகிறார்கள். 'எந்திரன்' ரோபோவின் பெயர். அவனுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. விமானப்படை நிலையத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போகும்போது நாங்கள் காதைப் பொத்துவோம். அவன் காயிலைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். தீபாவளிக்கும் அப்படியே. "எனக்கு ஆஃப் பட்டன் இருக்கு, உங்களுக்கு இல்லண்ணா" என்று ஒரு முறை என்னிடம் சொன்னான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

உடம்புக்குள் மெஷின் புகுந்தால் மனிதன் மனிதனாக இருப்பானா? நான் இன்ஜினியரிங் படித்தபோது இந்தத் தலைப்பு இல்லாத செமினார் கிடையாது. இங்கிலாந்தில் கெவின் வார்விக் என்ற பேராசிரியர் 1998-ல் தன் கைத்தோலுக்கு அடியில் சிப் வைத்துக்கொண்டு கதவுகளைத் திறந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். கடைசி ஸ்லைடில் ஒரு பெரிய கேள்விக்குறி. கைதட்டல். டீ. இப்போது யோசித்தால் அந்தக் கேள்விக்குப் பதில் நம் ஊரில் என்றோ கிடைத்துவிட்டது. 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு நடனக் கலைஞர் சுதா சந்திரன் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறினார். ஆடியது சுதா சந்திரனா, ரப்பர் காலா என்று பார்த்தவர்கள் யாராவது கேட்டார்களா?

ஜெய்ப்பூர் காலில் நான் கவனிக்கும் விஷயம் வேறு. 1960-களின் கடைசியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் உருவாக்கியது அது. ரப்பரும் மரமும்தான் முக்கியப் பொருள்கள். செருப்பில்லாமல் நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தி உட்காரலாம். கெட்டுப் போனால் கைத்தொழில் தெரிந்தவர் சரி செய்துவிடுவார். எந்தக் கம்பெனியும் 'இந்த மாடலை நிறுத்திவிட்டோம்' என்று சொல்லி அந்தக் காலை முடக்க முடியாது.

சிப் வைத்த உறுப்புக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற கம்பெனி பார்வை இழந்தவர்களுக்கு 'ஆர்கஸ் 2' என்ற செயற்கை விழித்திரையை விற்றது. 2013-ல் அரசு அனுமதி. உலகம் முழுவதும் சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்மணி நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தின் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கருவி 'பீப்' என்று சில முறை ஒலித்துவிட்டு நின்றது; அவருக்கு எல்லாம் இருட்டாகிவிட்டது. 2019-ல் கம்பெனி அந்தத் தயாரிப்பையே கைவிட்டது. 2020-ல் பணியாளர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணுக்குள் கருவி இருந்தவர்களுக்கு ரிப்பேரும் இல்லை, அப்டேட்டும் இல்லை. இந்த விவரமெல்லாம் 2022-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டு விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் இலவச அப்டேட் நின்றபோது புலம்பினீர்களே, அந்தப் புலம்பலைக் கண்ணுக்குள் வைத்துப் பாருங்கள்.

அப்டேட் கிடைத்தாலும் பயம்தான். 2017-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் பேஸ்மேக்கர்களில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். வெளியாள் ரேடியோ அலை மூலம் உள்ளே நுழைந்து இதயத் துடிப்பை மாற்றலாம் என்ற நிலை. சுமார் 4,65,000 கருவிகளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்தார்கள். (ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் சிறு புரோகிராம்.) நோயாளி டாக்டரிடம் நேரில் போக வேண்டும். அப்டேட் ஏற 3 நிமிடம். அந்த 3 நிமிடமும் இதயம் நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற பேக்கப் வேகத்தில் ஓடும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இதன் பயங்கரம் புரியும்.

2024 ஜனவரியில் நியூராலிங்க் கம்பெனி முதன்முறையாக ஒருவர் மூளையில் சிப் வைத்தது. சில வாரங்களில் மூளைக்குள் இருந்த நூல் போன்ற மின்முனைகளில் பல விலகிவிட்டன. கம்பெனி சாஃப்ட்வேரை மாற்றி எழுதிச் சமாளித்தது. நல்லதுதான். ஆனால் மாற்றி எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பாருங்கள்.

இந்தக் கருவித் தொல்லையே வேண்டாம், மரபணுவையே சரி செய்துவிடலாம் என்றும் வேலை நடக்கிறது. பிறவிக் காது கேளாமையில் ஒரு வகைக்கு ஒரே ஒரு மரபணுவின் கோளாறு காரணம். சீனாவில் அப்படிப்பட்ட 6 குழந்தைகளுக்குச் சரியான மரபணுவைக் காதுக்குள் செலுத்தினார்கள். 5 பேருக்குச் செவித்திறன் வந்தது என்று 2024 ஜனவரியில் ஆய்வு வெளியானது. ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. ஆனால் 'அன்டூ' பட்டனும் இல்லை. அதே சீனாவில் 2018-ல் ஒரு விஞ்ஞானி கருவிலேயே மரபணுவை மாற்றி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்க வைத்ததும், அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்ததும் நினைவிருக்கலாம். அந்தக் குழந்தைகளை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. கருவி தேவலை என்று சில நேரம் எனக்குத் தோன்றுகிறது. தையல் கடைப் பையன் வளர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் காயிலைக் கழற்றி வைத்துவிடலாம்.

என் தொழிலில் 'எஸ்க்ரோ' என்று ஒரு வழக்கம் உண்டு. பெரிய நிறுவனம் ஒன்று சின்னக் கம்பெனியிடம் சாஃப்ட்வேர் வாங்கும்போது, 'நீ நாளைக்குக் கடையை மூடினால் நான் என்ன செய்வது?' என்று கேட்கும். அதற்காக அந்த சாஃப்ட்வேரின் மூல நிரலை ஒரு மூன்றாம் ஆளிடம் பூட்டி வைக்கச் சொல்வார்கள். விற்றவர் தொழிலை விட்டுப் போனால் வாங்கியவர் கைக்கு அது வந்துவிடும். கணக்கு எழுதும் சாஃப்ட்வேருக்கே இவ்வளவு முன்ஜாக்கிரதை! குழந்தையின் தலைக்குள் வைக்கும் கருவிக்கு இதைக் கேட்டால் தப்பா? பழைய உள்கருவிக்கும் பொருந்துகிற மாதிரி புதிய வெளிக்கருவிகளைக் கம்பெனிகள் செய்துதான் வருகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் மாடல் நிறுத்தப்பட்ட பிறகும் இத்தனை ஆண்டுக்கு ஒயரும் காயிலும் சென்னையிலேயே கிடைக்க வேண்டும் என்று மொத்தமாக வாங்கும் அரசு டெண்டரிலேயே எழுதி வாங்கலாமே. நானும் நீங்களும் கேட்டால் கம்பெனி காதில் விழாது. ஆயிரக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் விழும். ஆபரேஷன் எத்தனை நடந்தது என்று அறிவிப்பதுபோல, 5 வருடம் கழித்து அதில் எத்தனை கருவி ஓடுகிறது என்பதையும் எண்ணி அறிவிக்கலாம். மேப் ஃபைலின் ஒரு நகலைப் பெற்றோர் கையில் கொடுக்கலாம். குழந்தையின் ரத்த வகையை மட்டும் அம்மாவிடம் சொல்கிறார்கள் அல்லவா?

இப்படி ஒரு கருவி உங்கள் வீட்டிலோ உறவிலோ யாருக்காவது இருந்தால், அது காதோ இதயமோ, இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உள்கருவி, வெளிக்கருவி இரண்டின் மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும், வாரன்டி முடியும் தேதியையும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக அடித்து வையுங்கள். அட்டைகளை ஸ்கேன் செய்து பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று போடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் முதல் வேலையாகக் கருவி இருப்பதைச் சொல்லி, அந்த அட்டையைக் காட்டுங்கள்.

தையல் கடை அண்ணன் வீட்டில் நான் இதைத்தான் செய்து கொடுத்தேன். ஒயர் வந்த அன்று இரண்டாக வாங்கிவிட்டார், ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று. அந்த இரண்டாவதுக்காக அக்காவின் தோடு அடகுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும். பையன் காயிலை ஒட்டிக்கொண்டு நேராகத் தெருவுக்கு ஓடினான். அரை மணி நேரத்தில் விமானம் ஒன்று வந்தது. இந்த முறை அவன் கழற்றவில்லை.